அஞ்சு வீட்டுக்கு ஒரே வைஃபை, ராத்திரியானா வட்டம் சுத்துது

செல்லூர்க்காரன்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. எங்க காம்பவுண்டுல அஞ்சு போர்ஷன், எல்லாரும் காசு போட்டு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வாங்கிருக்கோம், ரூட்டர் எங்க வீட்டு பீரோ மேல இருக்கு. பகல்ல ஒரு குறையும் இல்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லார் வீட்டுலயும் சுத்திக்கிட்டே இருக்கு. கடைசி போர்ஷன் அக்கா நேத்து வந்து "தம்பி இந்த மாசம் நான் காசு தரமாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. 300 பிளானுக்கு மாறலாமா?

பழங்காநத்தம் பங்காளி:
மாறிருங்க ப்ரோ. எங்க வீட்டுல 300தான், பறக்குது.

வயர்மேன்:
உங்க வீட்டுல மூணு போனு, பறக்கத்தான் செய்யும். செல்லூர் தம்பி, காசக் கரியாக்காதீங்க. ராத்திரி எட்டரைக்கு லேப்டாப்ப லேன் கேபிள்ல நேரா ரூட்டர்ல சொருகி ஸ்பீடு பாருங்க, 90க்கு மேல வந்துச்சுன்னா லைன் நல்லாருக்கு, கோளாறு வைஃபைல. சாதா ரூட்டர்ல வைஃபைங்கிறது காம்பவுண்டு குழாயடிதான், ஒரு சேனல்ல, அதாவது ஒரு அலைவரிசைல, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பிடிக்க முடியும். தூரத்துல சிக்னல் செத்துக்கெடக்கிற போனு 6 எம்பிபிஎஸ்ல சொட்டு சொட்டா பிடிக்கும், அது பிடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கிற புது போனும் குடத்தோட நிக்கணும்.

ரூட்டர பீரோ மேலருந்து எடுங்க, இரும்பு சிக்னல மறிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல சேனல் 1, 6, 11 இதுல அக்கம்பக்கத்துல எது காலியோ அதப் போடுங்க, நடுவுல 3, 4னு போட்டா ரெண்டு பக்கமும் இடிக்கும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். உங்க வீடும் பக்கத்து வீடும் 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாறிக்கங்க, அது செவுரு நெறையா தாண்டாது ஆனா கூட்டம் கம்மி. கடைசி போர்ஷனுக்கு கேட்6 லேன் கேபிள் இழுத்து அங்க ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிள்ல வர்ற நெட்ட வைஃபையா குடுக்கிற பெட்டி, வேற சேனல்ல வைங்க. 100 மீட்டர் வரைக்கும் தாராளமா இழுக்கலாம். ரிப்பீட்டர் மட்டும் வாங்கிராதீங்க, மலிவானதெல்லாம் வாங்குனதையே அதே சேனல்ல திருப்பி அனுப்பும், பாதி வேகம் அதுலயே போயிரும்.

செல்லூர்க்காரன்:
லேன்ல 94 வருதுண்ணே! இன்னொரு கூத்து, ரூட்டர் லிஸ்ட்டுல தெரியாத டிவைஸ் ஒண்ணு இருந்துச்சு, தேடிப் பாத்தா மோட்டார் ரூம் மேல சிசிடிவி கேமரா, ஒரு கட்டை சிக்னல வச்சுக்கிட்டு 24 மணி நேரமும் வீடியோவ ஏத்திக்கிட்டு இருக்கு. ஹவுஸ் ஓனர் வச்சதாம். அவரு ஒத்த ரூவா போடல.

வயர்மேன்:
அதான் ஓட்டக் குடம். அதயும் கேபிள்ல மாட்டுங்க.

வாடிப்பட்டி பொண்ணு:
இதையும் பாருங்க, நான் வீட்டுலருந்து வேலை பாக்குறேன், தம்பி போன் போட்டோ பேக்கப் ஏத்தும்போதெல்லாம் என் மீட்டிங் ரோபோ மாதிரி பேசும். ரூட்டர்ல க்யூஓஎஸ், அதாவது எதுக்கு எவ்வளவு வேகம்னு பிரிச்சு விடுற வசதி, இருந்தா அப்லோடு வேகத்த நெசமா வர்ற வேகத்துல 85, 90 சதவீதத்துக்கு கட்டி விடுங்க. எனக்கு அதுல பாதி தலைவலி போச்சு.

செல்லூர்க்காரன்:
ஞாயித்துக்கெழம டவுன்ஹால் ரோட்டுல கேபிளும் பழைய ஆக்சஸ் பாயிண்டும் வாங்கி, மொட்டமாடி வழியா இழுத்தாச்சு. ரூட்டர் இப்ப சன்னல் திட்டுல. நேத்து ஒம்போது மணிக்கு அக்கா வீட்டுல சீரியல் நிக்காம ஓடுச்சு, காசும் வந்துருச்சு. ஓனர்கிட்ட கேபிள் காசு யாரு கேக்குறதுன்னு மட்டும் இன்னும் முடிவாகல.