மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் மாமாவைத் தேடுகிறோம்

மாதுங்காவிலிருந்து எழுதுகிறேன். என் மாமா நேற்று, 2008 நவம்பர் 26 இரவு, சென்னை மெயிலைப் பிடிக்க சிஎஸ்டி போனார். வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே போய் உட்காரும் ஆள். ஒன்பதரை வாக்கில் அங்கேதான் தீவிரவாதிகள் சுட ஆரம்பித்திருக்கிறார்கள். செல் அடிக்கிறது, எடுக்கவில்லை.

வேட்டி, கையில் மஞ்சள் பை, அதில் பேத்திக்கு வாங்கிய பொம்மை. இந்தி சுத்தமாக வராது. தம்பி ஜேஜே மருத்துவமனையில் நிற்கிறான். செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள் யாராவது வார்டில் தமிழில் ஒரு குரல் கொடுத்துப் பாருங்களேன். பட்டியலில் பேரைத் தப்பாக எழுதியிருக்கலாம்.

தூரத்தில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டாம், தாஜ் ஹோட்டல் பக்கம் துப்பாக்கிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. பேரும் போட்டோவும் தனி மடலில் அனுப்புகிறேன்.