ஒரு ஸ்கேனில் ஒன்று, அடுத்த ஸ்கேனில் வேறொன்று: சூலகத்தில் கட்டி என்கிறார்கள், நான் என்ன செய்வது?

மஸ்கெலியா டீச்சர்:

அக்காமாரே, தங்கச்சிமாரே, ரெண்டு கிழமையாகத் தூக்கம் சரியாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு 31 வயது, ஆறு வயதில் ஒரு மகள், தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வலது பக்கம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்ததால் டவுனில் காசு கட்டி ஸ்கேன் எடுத்தேன். வலது சூலகத்தில் 4.6 சென்டிமீட்டரில் 'காம்ப்ளெக்ஸ் சிஸ்ட்' என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று கிழமை கழித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்தால் 4.1 என்கிறார்கள். ரத்தக்கட்டி என்று எழுதி அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் சாக்லேட் சிஸ்ட் என்று எழுதி அதற்கும் ஒரு கேள்விக்குறி. கீழே 'தெளிவாகத் தெரியவில்லை, ஆறு கிழமையில் திரும்ப எடுக்கவும்' என்று இருக்கிறது. அந்தக் கேள்விக்குறிகளைத்தான் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

டொக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் சிங்களத்தில் வேகமாகச் சொன்னார். கடைசியாக 'பய வென்ட எபா' என்றார், பயப்படாதே என்பது புரிந்தது, அதற்கு முன்னால் சொன்ன நாலு வசனம் புரியவில்லை.

இதற்கிடையில் போனில் எதையோ வாசித்துவிட்டு, யாரையும் கேட்காமல் நானே சிஏ 125 ரத்தப் பரிசோதனை செய்தேன், சூலகப் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கிறதாம். 48 வந்திருக்கிறது. 35க்குக் கீழே இருக்க வேண்டுமாம். எங்கள் லயத்தில் ஒரு அக்கா வயிற்றுக் கட்டியில்தான் போய்ச் சேர்ந்தார். அவர் முகம் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, அவரிடம் பாதிதான் சொன்னேன். அம்மாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

கொட்டகலை அக்கா:

தங்கச்சி, முதலில் ஒரு டம்ளர் தேத்தண்ணி குடியுங்கள். எனக்கு மூன்று வருஷத்துக்கு முன் 5.2 சென்டிமீட்டரில் இருந்தது, வெறும் நீர்க்கட்டி. நானும் இப்படித்தான் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அழுதேன். ரெண்டு மாசம் கழித்துப் போனால் ஒன்றுமே இல்லை, தானாக வற்றிப் போயிருந்தது. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் 4.6 இலிருந்து 4.1 என்றால் பெருக்கவில்லை அல்லவா.

ஒன்று கேட்கட்டுமா, ரெண்டாவது ஸ்கேனுக்குப் போகும்போது ஒன்றுக்கு முட்டிக்கொண்டு போனீர்களா?

மஸ்கெலியா டீச்சர்:

இல்லை அக்கா. ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நோர்வூட் தாண்டும்போதே தாங்க முடியவில்லை, வளைவுக்கு வளைவு அடிவயிறு குலுங்குகிறது. ஆஸ்பத்திரியில் இறங்கினதும் பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன். அப்புறம் கொஞ்சம்தான் குடித்தேன், அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்டிப் பக்கத்து தாதி:

தெளிவில்லாமல் போனதற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். வயிற்றுக்கு மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் மேலே ஒதுங்கிக் கருப்பையும் சூலகமும் தெரியும். அடுத்த முறை வீட்டிலிருந்தே குடித்துக்கொண்டு போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து நம்பர் எடுத்த பிறகு குடியுங்கள், முட்டும்வரை கொஞ்சம் பிந்திக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கல்யாணம் முடித்தவர் என்பதால் உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேன் முடியுமா என்றும் கேட்கலாம். அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், கட்டியின் உள்பக்கம் அதில்தான் நன்றாகத் தெரியும்.

அந்தக் கேள்விக்குறி உங்களைப் பயமுறுத்தப் போட்டதல்ல. 'இப்படி இருக்கலாம், உறுதி செய்ய வேண்டும்' என்பதற்கு டொக்டர்மார் போடுகிற அடையாளம். காம்ப்ளெக்ஸ் என்பதும் புற்றுநோய்க்கு இன்னொரு பெயர் இல்லை. உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் இல்லை, ரத்தமோ தடுப்போ கெட்டியான ஏதோ இருக்கிறது என்பதுதான் அர்த்தம். முட்டை வெளியான இடத்தில் ரத்தம் கசிந்து கட்டினாலும் இப்படித்தான் தெரியும், வலை பின்னின மாதிரி. அது பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமைக்குள் கரைந்துவிடும். சாக்லேட் சிஸ்ட் என்பது கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு சூலகத்தில் வளர்ந்து, பழைய ரத்தம் தேங்கி நிற்கிற கட்டி. அது அப்படிக் கரையாது, அதே இடத்தில் அப்படியே இருக்கும். அதனால்தான் ஆறு கிழமை கழித்து வரச் சொல்கிறார்கள், ரெண்டையும் பிரித்துப் பார்க்க அது நல்ல வழி. உங்களைத் தட்டிக் கழிக்கவில்லை.

சிஏ 125 எந்த நாளில் கொடுத்தீர்கள்? பீரியட்ஸ் நாளில் கொடுத்தால் அது ஏறும். சாக்லேட் சிஸ்ட் இருந்தாலும், கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும், கர்ப்பத்தின் ஆரம்பத்திலும் ஏறும். உங்கள் வயதில் அந்த ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள்.

மஸ்கெலியா டீச்சர்:

ரெண்டாம் நாள் கொடுத்தேன் அக்கா. யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

பண்டாரவளை:

எல்லாரும் ஆறுதல் சொல்வது சரி, ஆனால் இதையும் தெரிந்து வைத்திருங்கள். எனக்கு இருந்தது டெர்மாய்ட், உள்ளே முடியும் கொழுப்பும் இருக்கிற கட்டி, அது தானாகக் கரைகிற வகை இல்லை. 'பிறகு பார்ப்போம்' என்று ஒரு வருஷம் கிளினிக் போகாமல் விட்டேன். ஒரு நாள் ராத்திரி இடது பக்கம் மட்டும் கத்தியால் குத்தி முறுக்கின மாதிரி வலி, கூடவே வாந்தி. கேஸ்டிரிக் என்று நினைத்து மாமியார் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார், அதையும் வாந்தி எடுத்தேன். விடியட்டும் என்று காத்திருந்தோம், அதுதான் பிழை. சூலகம் முறுக்கிக்கொண்டிருந்தது. ஒப்பரேஷன் செய்து கட்டியோடு அந்தச் சூலகத்தையும் எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான், ஒரு சூலகம் போதும், ஆனால் அந்த ராத்திரியே போயிருந்தால் ரெண்டையும் காப்பாற்றியிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைப்பேன்.

திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, வாந்தி, தலை சுற்றி விழப் பார்க்கிறது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் விடியும் வரை இருக்காதீர்கள். 1990 என்ற நம்பருக்குப் போன் எடுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. லயத்துக்கு வழி தெரியாமல் சுற்றுவார்கள், பெரிய ரோட்டுச் சந்தியில் ஒருவரை டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள்.

லிந்துலை:

என் அம்மாவுக்கு 57 வயது, பீரியட்ஸ் நின்று ஏழு வருஷம். அவருக்கும் கட்டி 4 சென்டிமீட்டர்தான், தங்கச்சிக்குச் சொன்ன மாதிரி கரைந்துவிடும் என்று இருக்கலாமா?

கண்டிப் பக்கத்து தாதி:

இருக்க வேண்டாம். பீரியட்ஸ் நின்றவருக்குக் கணக்கு வேறு. அளவு சின்னதாக இருந்தாலும் விஓஜி டொக்டர், அதாவது பெண்நோய், மகப்பேற்று நிபுணர் பார்க்க வேண்டும், சிஏ 125 அந்த வயதில்தான் உதவும். வயிறு ஊதுகிறது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்த மாதிரி இருக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறார் என்றால் தவணைக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே கூட்டிப்போங்கள். கொழுந்து வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப் போடாதீர்கள்.

டீச்சருக்கு இன்னும் ஒன்று. அடுத்த ஸ்கேன் பீரியட்ஸ் தொடங்கி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வருகிற மாதிரிப் பாருங்கள், அப்போது புதிதாக முட்டை வளர்ந்து குழப்பாது. பழைய ரிப்போர்ட் ரெண்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள், முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள், ஆளுக்கு ஆள் அளவு கொஞ்சம் மாறும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் வாட்டில் தமிழ் பேசுகிற தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், நாங்கள் வருவோம்.

மஸ்கெலியா டீச்சர்:

காலண்டரில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தந்த தேதி சரியாக பீரியட்ஸ் முதல் நாளில் விழுகிறது. நாளைக்கே கிளினிக் கொப்பியோடு போய் ஆறு நாள் தள்ளித் தரச் சொல்லிக் கேட்கிறேன். முன்பள்ளியில் என்னோடு இருக்கிற மிஸ்ஸுக்குச் சிங்களம் நன்றாக வரும், கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டார். 1990ஐப் போனில் போட்டு மகளுக்கும் காட்டிக் கொடுத்தேன்.

பண்டாரவளை அக்கா, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசித்தேன். பயம்தான், ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு ஐந்து மணிக்கு வருவார், வந்ததும் சொல்லப் போகிறேன்.