ஆயிரத்தில் ஒருவன் (2010): அன்றைக்குத் தியேட்டரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பொங்கல் வந்துவிட்டால் போதும், செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பற்றிய பேச்சு கிளம்பிவிடும். “காலத்துக்கு முந்தி வந்த படம், நாமதான் கொண்டாடத் தவறிட்டோம்” என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எழுதுபவர்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் அன்று தியேட்டரில் இருந்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

எனக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். பக்கத்திலேயே மாளிகைமேடு. ராஜேந்திரன் அரண்மனை இருந்த இடம். தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரம்தான் அங்கே மிச்சம். கோயிலின் மதிற்சுவரையே 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்கு இடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்பேன்: “இம்மாம் பெரிய ராஜ்ஜியம்ப்பா, அவ்வளவு சனமும் எங்கப்பா போச்சு?” “எங்கனா போய்ப் பொழச்சிருப்பாங்கடா” என்பார். மூன்றாம் ராஜேந்திரனோடு, 1279இல், சோழர் கதை நின்றுபோகிறது. படம் தொடங்குவதும் அதே 1279இல்தான். இளவரசனையும் கொஞ்சம் மக்களையும் கடல் கடந்து அனுப்பிவைக்கிறார்கள். பல நூற்றாண்டு கழித்து அவர்கள் போன தீவைத் தேடி ரீமா சென், ஆண்ட்ரியா, கூலிக்காரர்களோடு கார்த்தி என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. நான் சின்ன வயதில் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொண்டு ஒருவர் படம் பண்ணியிருக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

2010 ஜனவரி 14. கல்லூரியில் இரண்டாம் வருஷம். நாலு பேராக பஸ் பிடித்துப் போனோம். கார்த்தி வரும் இடமெல்லாம் விசில். பாலைவனத்தில் சாயும் வெயிலில் நடராஜர் நிழல் விழுந்து, அந்த நிழலுக்குள்ளேயே கார்த்தியும் அந்த இரண்டு பெண்களும் ஓடும் காட்சியில் கைதட்டல் அடங்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அதற்கப்புறம் கரி பூசிய முகமும் ஒட்டிய வயிறுமாகச் சோழ சனங்கள் வந்தார்கள். அரங்கம் சிரித்தது. சோழ ராஜாவாக வந்த பார்த்திபன் பேசப்பேச, ஆடஆடச் சிரிப்பு கூடியது. ஒருவர் எழுந்து “காசைத் திருப்பிக் குடுங்கய்யா” என்று கத்தினார். கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று கூட்டாளிகள் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முடிவைப் பார்க்கவில்லை. மறுநாள் கேட்டவர்களிடம் “ரெண்டாவது பாதி தேறாது” என்று நானும்தான் சொன்னேன்.

அதே படத்தை 2020 டிசம்பர் 31 அன்று மறுபடி திரையிட்டார்கள். கொரோனா காலம், பாதி இருக்கைகள்தான் அனுமதி. திருச்சியில் போய்ப் பார்த்தேன். அன்று சிரித்த அதே இடத்தில் ஒரு சத்தம் இல்லை. தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான், நம்மைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவான் என்று தலைமுறை தலைமுறையாகப் பசியோடு காத்திருக்கிற கூட்டம். தூதுவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவளோ பாண்டிய வம்சம். அந்த ராஜா அவளை நம்புகிறானே, அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டு அரண்மனைக் கச்சேரி போலத் தொடங்கி ஒப்பாரியாக மாறும்போது முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக இந்தப் படத்துக்கு எவ்வளவு பெயர் கிடைத்தாலும் தகும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படம் முழுக்கவே பழுதில்லாதது என்று சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பயணம் முழுக்க அந்த இரண்டு பெண்களிடமும் கூலிக்காரர்கள் நடந்துகொள்வதைத் தமாஷாகக் காட்டியிருப்பதை என் தங்கையோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. தீவின் காட்டுவாசிகளை வெறும் மனிதத் தின்னிகளாகக் காட்டியதும் அப்படித்தான். கிராபிக்ஸ் சுமார் என்பதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். உண்மையான செலவு 18 கோடிதான், பிரம்மாண்டம் என்று காட்ட 32 கோடி என்று அறிவித்தோம், அது முட்டாள்தனம் என்று செல்வராகவனே 2021இல் ஒத்துக்கொண்டார். காசு இல்லாததால் வந்த குறையை மன்னிக்கலாம். பெண்களைக் காட்டியதில் இருக்கும் குறைக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்?

மறுமொழி

தம்பி, நான் தஞ்சாவூர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பார்த்தபோதும் சிரித்தார்கள். படத்தில் சோழர்கள் பேசும் அந்தப் பழைய தமிழ் எனக்கும் ஒட்டவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக.

பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். “நாங் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்” என்று இருக்கும். ‘கொடுத்தன’ இல்லை, ‘குடுத்தன’. நம் வீட்டில் பேசுகிற மாதிரியே அந்த ராஜா பேசுகிறான். அக்காவை மறக்காமல் சொல்கிறான். மாணவர்களை அழைத்துப் போய் அந்த வரியில் விரல் வைத்துப் படிக்கச் சொல்வேன். “சார், ராஜாவும் நம்மள மாதிரிதான் சார்” என்பார்கள். படத்தில் வரும் தமிழ் அப்படி இல்லை. கடினமாக இருந்தால் பழசாகத் தெரியும் என்று நினைத்து எழுதியது போல இருக்கிறது. பல நூற்றாண்டு தீவில் தனித்துக் கிடந்த கூட்டத்தின் பேச்சு எப்படி மாறியிருக்கும் என்று யோசித்திருந்தால், சிரித்தவர்களில் பாதிப் பேர் சிரித்திருக்க மாட்டார்கள்.

இசையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் பி.பி. ஸ்ரீனிவாஸை அழைத்துவந்து ‘பெம்மானே’ பாட வைத்தார் ஜி.வி. பிரகாஷ். பம்பாய் ஜெயஸ்ரீயோடு அந்த நடுங்கும் குரல் சேரும் இடத்தில் என் மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

மறுமொழி

அண்ணா, நான் வவுனியாவில பிறந்து இப்ப லண்டனில இருக்கிறன். 2010இல டிவிடியிலதான் பார்த்தனாங்கள். 2009 மேயில போர் முடிஞ்சு ஒரு வருசம்கூட ஆகேல்லை. என்ர பெரியம்மா வீட்டு ஆக்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்த காலம்.

கடைசிக் காட்சியில, தோத்துப்போன சோழ சனத்திட்ட, அந்தப் பாண்டிய வம்சத்தவள் கூட்டிக்கொண்டு வந்த ராணுவம் செய்யிறதைப் பார்க்கேக்க அம்மா எழும்பிக் குசினிக்குப் போயிட்டா. அப்பா நிப்பாட்டச் சொல்லேல்லை. ஒருத்தரும் கதைக்கேல்லை. படம் முடிஞ்ச பிறகும் டிவி நீல நிறத்தில கனநேரம் எரிஞ்சுகொண்டு கிடந்தது.

அந்தக் கதையை எழுதத் தொடங்கினது 2009க்கு முன்னம் எண்டும், படப்பிடிப்பு 2007இலயே தொடங்கினது எண்டும் பிறகுதான் அறிஞ்சன். அதாலதான் “இது ஈழத்தைப் பற்றின படம்” எண்டு சொல்லுறதில எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் பார்த்த நேரம் அப்பிடி. எங்கட வீட்டுக்குள்ள வந்த நேரத்தில அது எங்கட கதையாப் போச்சு. ஆனா அந்தக் காட்சியைத் துண்டு துண்டா வெட்டி, பின்னால தாளம் போட்டு, வீரம் எண்டு பகிர்ந்து விடுறாங்களே, அதுதான் எனக்குத் தாங்கேலாது. அம்மா குசினிக்குப் போனதை நான் பார்த்தனான்.

தொடங்கியவர்

தங்கச்சியோ தம்பியோ தெரியவில்லை, எழுதியதற்கு நன்றி. இதைப் படித்த பிறகு அந்தத் துண்டுக் காட்சிகளை இனி நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை. பெரியம்மா வீட்டாரைப் பற்றிப் பிறகு தகவல் வந்ததா? விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

ஐயா, ‘நம் அக்கன்’ வரியை அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போகும்போது கட்டாயம் தேடுவேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவை உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டேன். அவருக்கு 70 தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. பாம்பு, பாலைவனம் எல்லாம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறார் என்றே நினைத்தேன். சோழ சனங்கள் வந்ததும் நாற்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் ராஜா செத்து, கார்த்தி அந்தச் சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார்.

“புள்ள பொழச்சுக்கிட்டானாடா?”

“பொழச்சுக்கிட்டான்ப்பா.”

தலையை ஆட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போனார்.