ஸ்டீபன் ஐவரில் ஐந்தாவது ஆள் யார்?

தூரதாசன்:
‘ஸ்டீபன் ஐவர்’ என்பது பெகாசஸ் விண்மீன் தொகுதியில் நெருக்கமாகத் தெரியும் ஐந்து கேலக்ஸிகள். 1877-இல் பிரான்சின் மார்செய் வான்காணகத்தில் எடுவார் ஸ்டீபன் கண்ட நாளிலிருந்து இவர்கள் ஐவர். இப்போது என்ஜிசி என்ற விண்பொருள் பட்டியலில் 7320 எண் கொண்டதைக் கழித்துவிட்டு நால்வர் என்கிறார்கள். காரணம் செம்பெயர்ச்சி மட்டுமே, அதாவது ஒளியின் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும் அளவு. பட்டைச் சுருளான (நடுவில் பட்டை உள்ள சுருள் கேலக்ஸி) 7319 நொடிக்குச் சுமார் 6,700 கி.மீ. வேகத்தில் விலகுகிறது, 7320 சுமார் 800. வேகம் கூடினால் தூரமும் கூடும் என்று வைத்து, உடனே அது 29 கோடி ஒளியாண்டு, இது 4 கோடி என்று தீர்ப்பு! செம்பெயர்ச்சியை அப்படியே தூரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்ட வானியலாளர் ஹால்டன் ஆர்ப்புக்கு அமெரிக்காவின் பாலோமர் வான்காணகத்தில் தொலைநோக்கி நேரம் மறுக்கப்பட்டது. மனிதர் ஜெர்மனிக்கே போய்விட்டார்.

மொட்டைமாடி:
அண்ணா, ஆர்ப்புக்கு நடந்தது சரியில்லைதான். ஆனால் ‘செம்பெயர்ச்சி மட்டுமே’ என்பது தப்பு. 2022 ஜூலையில் வந்த வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில் 7320, ரவை தூவிய மாதிரி தனித்தனி நட்சத்திரமாகப் பிரிகிறது. மேலே இருக்கும் 7319-ஐ எவ்வளவு இழுத்தாலும் புகைமூட்டம்தான். ஒரே தூரத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? அப்புறம், அதே பெகாசஸ் வட்டாரத்தில் கொஞ்சம் தள்ளி 7331 இருக்கிறது. அதன் வேகமும் சுமார் 800. 7320-க்கு உறவுக்காரர் அவர்தான்.

தூரதாசன்:
சரி, அப்போது வால்? குழுவிலிருந்து கிளம்பும் மங்கலான வால் நேராக 7320 மேல் போய் விழுகிறதே!

மொட்டைமாடி:
விழவில்லை, அதன் பின்னால் போகிறது. அந்தப் பக்கம் வெளியே வந்து 7320சி என்ற சின்ன கேலக்ஸியை நோக்கி நீள்கிறது. அதன் வேகம் குழுவோடு ஒத்துப்போகிறது. முன்னொரு காலத்தில் உள்ளே புகுந்து வெளியேறிய ஆசாமி. ஐந்தாவது ஆள் வேண்டுமென்றால் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரதாசன்:
7320-ஐ விடுங்கள். 7319-க்குள்ளேயே வருகிறேன். அதன் மையத்திலிருந்து 8 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) தூரத்தில் ஒரு குவாசர், அதாவது மிகப் பிரகாசமான கேலக்ஸி மையம், இருக்கிறது. செம்பெயர்ச்சி 2.114, கேலக்ஸிக்கோ 0.022. ஆர்ப்பும் வானியலாளர்களான பர்பிட்ஜ் தம்பதியும் அதைப் பற்றிய ஆய்வில் இருந்தார்கள். தூசு மண்டிய உள்பகுதிக்குப் பின்னாலிருந்து அது இவ்வளவு தெளிவாக எப்படித் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 8 விகலை என்றால் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். 29 கோடி ஒளியாண்டில் அது சுமார் 11,000 ஒளியாண்டு. பட்டைச் சுருளில் தூசு சுவர் மாதிரி அடைத்து நிற்பதில்லை. திட்டுத் திட்டாக இருக்கும், நடுநடுவே சந்து உண்டு. வேறொரு உதாரணம், 1985-இல் கண்டுபிடித்த ஹக்ரா வில்லை, அதாவது ஈர்ப்பால் ஒளியை வளைக்கும் ஒரு கேலக்ஸி. கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 0.039, அதன் நடுவிலேயே 1.695 உள்ள குவாசர், நான்கு பிம்பமாக. பின்னால் வெகு தூரத்தில் இருந்தால்தான் ஈர்ப்பு அப்படி வளைத்து நான்காகக் காட்டும்.

தூரதாசன்:
அதையும் ஆர்ப் ஏற்கவில்லை. சரி, 7319-க்கே வாருங்கள். குவாசரின் நிறமாலையில் (நிறம் நிறமாகப் பிரித்த ஒளியில்) அந்தக் கேலக்ஸியின் வாயு ஒளியை விழுங்கிப் பதித்த கோட்டைக் காட்டுவீர்கள். உள்ளே புதைந்திருந்தாலும்தான் கோடு விழுமே?

கணக்குப்பிள்ளை:
நியாயமான கேள்வி, உண்மையாகவே. அதனால் நான் அந்தக் கோட்டைக் காட்டப்போவதில்லை. தூரத்துக் குவாசர்களின் ஒளி வரும் வழியில் ஹைட்ரஜன் மேகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் செம்பெயர்ச்சிக்கு ஏற்ற இடத்தில் ஒரு கோடு கிழிக்கும். 2.114 என்றால் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா என்ற கோடு சுமார் 379 நானோமீட்டரில் வரும். அதற்குக் குறைவான அலைநீளங்களில் கோடுகள் காடு மாதிரி மண்டியிருந்தால் ஒளி அத்தனை தூரத்தையும் கடந்து வந்திருக்கிறது. 29 கோடி ஒளியாண்டுக்குள் பிறந்த ஒளிக்கு அந்தக் காடு எங்கிருந்து வரும்?

தூரதாசன்:
மற்ற குவாசர்களுக்கு அந்தக் காடு உண்டு, தெரியும். இதற்கு 379-க்குக் கீழே நானே நிறமாலையைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன். 7320-ஐ மட்டும் இன்றைக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

மொட்டைமாடி:
தேடும்போது குழுவில் இன்னொருவரான 7318பி-யையும் ஒரு கண் பாருங்கள் அண்ணா. நொடிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் குழுவின் வாயுவுக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறது. 7319-க்குப் பக்கத்திலேயே நீளமான அதிர்வலை. அதைப் பற்றி இந்த இழையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை!