விசா 2027 வரை இருக்கிறது, ஐ-94 மட்டும் ஏன் 2026 மார்ச்?

வெண்புறா (கேள்வி):
எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் வேலை செய்கிறேன். ஐ-797 ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா இரண்டிலும் 2027 செப்டம்பர் என்றுதான் இருக்கிறது. சென்ற மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினோம். நேற்று தற்செயலாக இணையத்தில் என் ஐ-94ஐ (நாட்டுக்குள் நுழைந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு) எடுத்துப் பார்த்தால் 2026 மார்ச் 14 என்கிறது. ஒரே அரசாங்கம், இரண்டு தேதி. எதை நம்புவது?

நெடுவழி:
உங்கள் பாஸ்போர்ட் 2026 மார்ச் 14 அன்று காலாவதியாகிறதா?

வெண்புறா:
ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நெடுவழி:
நானும் அதில் மாட்டியவன்தான். 2018இல் நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கினேன். அதிகாரி இரண்டு கேள்வி கேட்டார், முத்திரை குத்தினார், அதன் கீழே பேனாவால் ஒரு தேதி எழுதினார். தூக்கக் கலக்கத்தில் அதை நான் வாசிக்கவே இல்லை. பல மாதம் கழித்து ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது, கவுண்ட்டரில் இருந்த பெண்மணி, "உங்களுக்கு இன்னும் 41 நாள்தான் இருக்கிறது" என்றார். கையில் மூன்றாண்டு ஒப்புதல் கடிதத்தோடு நின்றேன்.

ஒரே அரசாங்கம்தான், அலுவலகங்கள் வேறு. விசா ஒட்டுவது வெளியுறவுத் துறையின் தூதரகம். அது வாசல் வரை வருவதற்கான சீட்டு. உள்ளே எத்தனை நாள் என்று தீர்மானிப்பவர் வாசலில் நிற்கும் சி.பி.பி. (சுங்க, எல்லைக் காவல் அமைப்பு) அதிகாரி. பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி அவர் பொதுவாகத் தருவதில்லை. உங்கள் ஒப்புதல் கடிதம், குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். கொடுத்தது. முன்பு, விசா தவிர மற்றதையெல்லாம் ஐ.என்.எஸ். என்ற ஒரே குடியேற்ற அமைப்பு பார்த்தது. 2003 மார்ச்சில் அதைக் கலைத்து, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவதுதான், ஆளைப் பிடித்து நாடுகடத்தும், எல்லோரும் பயப்படும் ஐஸ் (ICE). (குடியேற்ற நீதிபதிகள் இன்னமும் நீதி அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். அது தனிக்கதை.)

கடைசியாக யார் கொடுத்தாரோ அவருடைய தேதிதான் செல்லும். நீங்கள் ஊருக்குப் போய் வந்ததால் இப்போது 2026 மார்ச்தான் கணக்கு. அதைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்றாண்டு திரும்ப வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கினால் பத்தாண்டு.

கடலோரம்:
அதிகாரி தவறாகப் பதிந்திருந்தால் சி.பி.பி.யின் தாமத ஆய்வு அலுவலகத்தில் திருத்தலாம். பாஸ்போர்ட்டுக்காகக் குறைத்தது தவறல்ல என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். பிறகு, நிறுவனம் வழியாக நீட்டிப்பு மனு போடலாம், அல்லது ஒருமுறை வெளியே போய்த் திரும்பலாம். சாலை வழியே கனடா போய் வருவதாக இருந்தால் கவனம்: பழைய ஐ-94ஐயே தொடரவிட்டுவிடக்கூடும். புதியது வேண்டுமென்று கேட்டு, கட்டணம் கட்டி வாங்குங்கள்.

நெடுவழி:
நான் மனு வழியில் போனேன். மனு கிடைத்ததற்கான ரசீது வரும்வரை வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

தாழம்பூ:
குழந்தைகளுடையதையும் பாருங்கள். நம் சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 ஆண்டுதான், அதனால் அவர்கள் ஐ-94 நம்முடையதைவிட முன்னதாகவே முடிந்துவிடும். எச்-4இல் (எச்-1பிகாரரின் துணைவர், பிள்ளைகளுக்கான விசா) இருப்பவர்களுக்கு ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும். உங்கள் மனுவோடு தானாக நீளாது.

வெண்புறா:
இப்போதுதான் மகளுடையதை எடுத்துப் பார்த்தேன். 2025 டிசம்பர் 2.