சாலையோரத்தில் கானமயிலா? யாரிடம் கதை?

கழுகுக்கண்:
ஜெய்சல்மேர் பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த மணல்மேட்டார் இப்படி எழுதியிருக்கிறார்: "ஜனவரியில் போனேன். ஜீப்பை விட்டு இறங்காமலே கானமயில் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிங்காரா மானின் முதுகுக்கு மேல் அதன் தலை தெரிந்தது." படம் கிடையாது. கானமயில் என்கிற இந்தப் பெரிய தரைப்பறவை உலகத்தில் மிஞ்சியிருப்பதே இருநூறுக்கும் குறைவு, பூங்காவோ 3162 சதுர கிலோமீட்டர். இவர் போனாராம், அது வந்து நின்றதாம். குளிர்காலத்தில் அங்கே வலசை வரும், அதன் சிறிய உறவுப் பறவையான ஹௌபாராவைப் பார்த்துவிட்டு வந்து அளக்கிறார்.

மணல்மேட்டார்:
ஹௌபாரா கோழியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நான் பார்த்தது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். வெளுத்த கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி. பக்கத்திலேயே சிங்காரா நின்றது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

கழுகுக்கண்:
"பக்கத்தில்" என்றால் எவ்வளவு பக்கத்தில்? மான் நூறு அடி பின்னால் நின்றிருந்தால் ஹௌபாராவும் அதைவிட உயரமாகத்தான் தெரியும். சேவண் புல்லும் வெட்டவெளியுமான இடத்தில் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது. ஹௌபாராவுக்குக் கழுத்தின் இரு பக்கமும் கறுப்புக் கோடு இறங்கும். அதைப் பார்த்தீர்களா, இல்லையா? தொப்பிக் கதை வேண்டாம்.

வன்னிநிழல்:
ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொண்டு பேசலாமே. பெயர்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அது சரணாலயம். 1980-இல் அறிவித்தது. உள்ளே இன்னும் ஊர்கள் இருக்கின்றன, ஆடுமாடு மேய்கிறது. மணல்மேடு என்பது மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். சுற்றுலாக்காரர்கள் கூடும் சம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறிவிட்டுப் பூங்காவைப் பார்த்துவிட்டேன் என்பவர்களும், பூங்காவுக்குள் வேலியிட்டுக் காக்கும் சுதாசரி அடைப்புப் பக்கம் காலையில் போய்க் காத்திருப்பவர்களும் ஒன்றல்ல. மணல்மேட்டார் எந்தப் பக்கம் போனார்?

கழுகுக்கண்:
எந்தப் பக்கம் போனால் என்ன? மான் எத்தனை அடி தள்ளி நின்றது, அதைச் சொல்லட்டும்.

மணல்மேட்டார்:
சுதாசரிப் பக்கம்தான். மான் பக்கத்தில்தான் நின்றது. போன வருடம் பாலைநரியைப் படம் எடுத்து ஓநாய் என்று போட்டவர் எனக்குப் பறவை சொல்லித்தர வேண்டியதில்லை.

கழுகுக்கண்:
அது வெளிச்சம் போன நேரத்தில் எடுத்த படம். மறுநாளே தலைப்பை மாற்றிவிட்டேன். என்னிடம் படமாவது இருந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது?

மணல்மேட்டார்:
தரையில் முட்டையிடும் பறவை, ஒரு தடவைக்கு ஒரே முட்டை. அதைத் துரத்திப் படம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கழுகுக்கண்:
ஆகா! ஜனவரியில் எந்தக் கானமயில் முட்டையிடுகிறது? அது வெயிலும் மழையுமான மாதங்களின் வேலை. ஜீப்பில் உட்கார்ந்தபடி கேமராவைத் தூக்கினால் முட்டை உடைந்துவிடுமா?

படக்காரி:
நீங்கள் இருவரும் மானை அளந்துகொண்டிருங்கள். கானமயிலுக்கு நேர் முன்னால் பார்வை குறைவு, பெரிய ஆணாக இருந்தால் எடை பதினைந்து கிலோ வரை வரும். அங்கே சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் மின்கம்பியைக் கண்டு சட்டென்று விலக முடியாமல் மோதிச் சாகிறது. கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டுவிட்டது. இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் காணோம்.

சோலைராசா:
சூரிய மின்சாரம் வேண்டாமா அப்போது? நீங்கள் கேமராவுக்கு எதில் சார்ஜ் ஏற்றுகிறீர்கள்?

படக்காரி:
நான் எங்கே சூரிய மின்சாரம் வேண்டாம் என்றேன்? கம்பி போகிற வழியைப் பற்றிச் சொன்னேன். எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

சோலைராசா:
படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எதைக் கட்டினாலும் உங்களுக்கு ஒரு பறவை கிடைத்துவிடுகிறது.

கழுகுக்கண்:
கம்பிக்குத் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். கழுத்தில் கோடு இருந்ததா? மான் எவ்வளவு தூரத்தில்? இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஒரு பொய்யான பதிவு போனால் நாளைக்கே அந்த இடத்துக்கு நாலு ஜீப் பாதையை விட்டு இறங்கிப் புல்லை மிதித்துக்கொண்டு போகும்.

மணல்மேட்டார்:
பொய் என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். கூட வந்த ஓட்டுநரும் கானமயில் என்றுதான் சொன்னார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

கழுகுக்கண்:
ஓட்டுநர் சொல்வாரய்யா. காட்டினால்தானே கை நிறையக் கிடைக்கும். காக்கையைக் காட்டி நீங்கள் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்.

வன்னிநிழல்:
இது அநியாயம். அங்கே காவலுக்கு நிற்பதும், காயம்பட்ட மானைத் தூக்கிவருவதும் அந்த ஊர்க்காரர்கள்தான். நாமெல்லாம் ஒரு பருவம் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

கழுகுக்கண்:
ஊர்க்காரர்களை நான் எங்கே சொன்னேன்? ஒரு ஓட்டுநரைச் சொன்னேன். நீங்கள் எப்போதும் இப்படித்தான், பேச்சு தோற்கிற பக்கம் போய் நின்று நியாயம் பேசுவீர்கள். போன மழைக்காலத்தில் முள்வால் பல்லி விஷயத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

வன்னிநிழல்:
முள்வால் பல்லி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. வேண்டுமானால் அதையும் திறங்கள், பேசலாம்.