தரம் 7 மகனைப் பள்ளிக்கூடத்தில் துன்புறுத்துகிறார்கள், அடுத்து யாரிடம் போவது?

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம். மகன் தரம் 7. இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து பள்ளிக்கூட நாள் காலைகளில் மட்டும் வயிற்றுவலி என்கிறான், சனி ஞாயிறு நன்றாக இருக்கிறான். டாக்டர் உடம்பில் ஒரு பிழையும் இல்லை என்றார். வெள்ளைச் சேர்ட்டின் முதுகில் பேனை மை. விஞ்ஞானக் கொப்பியில் நடுத்தாள்கள் கிழிந்திருக்கின்றன. இடைவேளைக்குக் காசு கொடுத்து விட்டாலும் பசியோடுதான் வருகிறான். கேட்டால் "ஒண்டுமில்லை அம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கூடப் படிக்கும் பிள்ளை ஒன்றுதான் சொன்னது, பெரிய வகுப்புப் பெடியள் சிலர் காசைப் பறிக்கிறார்களாம்.

வகுப்பாசிரியர் இதைப் பெடியளின் பகிடி என்கிறார். பகிடி என்றால் என் பிள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டுமே. அதே ஆட்கள், தங்களைவிடச் சின்னவனைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது எப்படிப் பகிடியாகும்? அதிபரிடம் கடிதம் கொடுத்தும் பதில் இல்லை. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும் அங்கே இல்லை. 1929 சிறுவர் உதவி இலக்கம் தெரியும், ஆனால் அழைத்தால் அந்தப் பெடியள் இன்னும் மோசமாக நடப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதே நிலையில் இருந்த பெற்றோர், வலயக் கல்வி அலுவலகத்துக்கு முதலில் போனீர்களா, பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போனீர்களா?